வெட்டிய குடலைச் சேர்ப்பது எப்படி: தையலா, ஸ்டேப்ளரா, வீக்கம் என்ன செய்யும்?

குடல் ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து வார்டில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். "காத்து பிரிஞ்சுதாம்மா?" ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் கேட்பார், அவருக்கு முன்னாலேயே வந்துபோகும் ஹவுஸ் சர்ஜன் கேட்பார், ராத்திரி டியூட்டி நர்ஸும் கேட்பார். கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கூச்சமாக இருக்கும். பக்கத்தில் மருமகன் நிற்கிறாரே என்று வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் விஷயம் பெரியது. உள்ளே ஒரு குழாயை வெட்டி, கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குடல் மறுபடி அசைகிறதா, சேர்த்த இடத்தைத் தாண்டி ஏதாவது நகர்கிறதா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

அப்படிச் சேர்த்த இடத்தை மருத்துவர்கள் அனஸ்டமோசிஸ் என்பார்கள். நாம் இணைப்பு என்றே வைத்துக்கொள்வோம். புற்றுநோய்க் கட்டி, காசநோயால் சுருங்கிப்போன குடல், முறுக்கிக்கொண்டு கறுத்துவிட்ட குடல், விபத்தில் கிழிந்த குடல் என்று எந்தக் காரணத்துக்காக வெட்டினாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த இணைப்பில்தான். இதை எப்படிப் போடுவது என்பதில் இருநூறு வருடங்களாக அறுவை மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அடுக்குத் தையலா, இரண்டு அடுக்கா? விளிம்பை உள்ளே மடிப்பதா, வெளியே விடுவதா? கையால் தைப்பதா, ஸ்டேப்ளர் போடுவதா?

இந்த வாதங்களையெல்லாம் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால், பலவற்றின் அடியில் ஒரே கேள்வி இருப்பது தெரியும். வெட்டிய குடல் வீங்கும். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இந்த முறை எவ்வளவு இடம் விடுகிறது? முறைகளைத் தரம் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது என் எண்ணம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

தாங்கும் படலமே வீங்கும் படலம்

குடல் சுவரை ஒரே தோல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதில் நான்கு அடுக்குகள் உண்டு. உணவைத் தொடும் உட்புறம் சளிப்படலம். அதற்கு அடுத்தது சப்மியூகோசா எனப்படும் அடிப்படலம். பிறகு தசை. வெளியே பளபளவென்று ஒரு மெல்லிய உறை. தையல் ஊசி எதில் பிடிக்க வேண்டும் என்பது நெடுநாள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1887ல் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், நாய்களில் செய்த சோதனைகளை வைத்து அதைத் தெளிவாகச் சொன்னார்: பிடிமானம் இருப்பது அடிப்படலத்தில்தான். ஒவ்வொரு தையலும் அந்தப் படலத்தில் கொஞ்சமாவது மாட்டியிருக்க வேண்டும். மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் இழுத்தால் வெண்ணெயில் நூல் போல அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு வேடிக்கையான ஒற்றுமை இங்கே உண்டு. பல தலைமுறைகளாக ஆபரேஷன் தியேட்டர்களில் பயன்பட்ட கேட்கட் என்னும் கரையும் நூல், ஆட்டுக் குடலின் இதே அடிப்படலத்திலிருந்து செய்யப்பட்டது. பழைய வயலின்களின் தந்திகளும் ஆட்டுக் குடல்தான். குடலில் எந்தப் பகுதி இழுத்தால் தாங்கும் என்பது தந்தி முறுக்கியவர்களுக்கு ஹால்ஸ்டெட்டுக்கு வெகுகாலம் முன்பே கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கிறது.

அடிப்படலம் உறுதியாக இருக்கக் காரணம் அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் கொலாஜன் நார்கள். ஆனால் அதே படலத்தில்தான் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் வலைபோல ஓடுகின்றன. வெட்டுப்பட்டதும் அங்கே அழற்சி தொடங்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, புரதம் கலந்த நீர் வெளியே கசிகிறது. அதை வடித்துக்கொண்டு போக வேண்டிய நிணநீர்க் குழாய்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எனவே நீர் அங்கேயே தேங்குகிறது. இதுதான் எடிமா என்கிற நீர்வீக்கம். ஆக, தையலைத் தாங்க வேண்டிய படலமும் வீங்குகிற படலமும் ஒன்றே. குடல் இணைப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

அடுத்து நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். முடிச்சுப் போட்டபோது சரியாக இருந்த நூல், சுவர் தடித்ததும் தானாகவே இறுக்கமாகிவிடுகிறது. நூலை யாரும் இழுக்கவில்லை, உள்ளே இருப்பது உப்பிவிட்டது, அவ்வளவுதான். மோதிரம் போட்ட விரல் வீங்கினால் என்ன ஆகுமோ அதுதான். அழுத்தம் கூடும்போது முதலில் நசுங்குவது சிரைகள். அவற்றின் சுவர் மெல்லியது, உள் அழுத்தமும் குறைவு. தமனிகள் இன்னும் திறந்தே இருக்கும். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக முடியவில்லை. அதனால் இன்னும் நீர் கசிகிறது, இன்னும் வீங்குகிறது, முடிச்சு இன்னும் இறுகுகிறது. இந்தச் சுழல் ஓர் எல்லையைத் தாண்டினால் நூலுக்குள் மாட்டியிருக்கும் திசு ரத்தம் இல்லாமல் செத்துப்போகும், அல்லது நூல் திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தியேட்டரில் இளம் மருத்துவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமே இதுதான்: முனைகளைத் தொட வை, நெரிக்காதே.

காலமும் சேர்ந்து சதி செய்கிறது. புதுக் கொலாஜன் உருவாகும் முன், வெட்டு விளிம்பில் உள்ள பழைய கொலாஜனை உடம்பே நொதிகளால் கரைத்துவிடுகிறது. முதல் சில நாட்களில் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது நூலோ ஸ்டேப்ளர் பின்னோதான், திசு அல்ல. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை இணைப்பு மிகவும் பலவீனமாக இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகுதான் புது நார்கள் வந்து சேர்கின்றன. லீக் ஆகும், அதாவது பிரிந்து கசியும் இணைப்புகள் பெரும்பாலும் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று தங்களைக் காட்டிக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான். "மூணு நாள் நல்லாத்தானே இருந்தார்" என்று உறவினர்கள் திகைப்பதில் நியாயம் இருக்கிறது. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருப்பார்.

கட்டெறும்பிலிருந்து இரண்டு அடுக்கு வரை

சுசுருத சம்ஹிதையில் கிழிந்த குடலைச் சேர்க்க ஒரு வழி வருகிறது. கிழிசலின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கருங்கட்டெறும்புகளைக் கடிக்க விட வேண்டும். கடித்ததும் உடம்பைத் துண்டித்துவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, குடலை வயிற்றுக்குள் வைக்க வேண்டும். இதைப் படித்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. தனித்தனிக் கவ்விகள், நடுவே இடைவெளி, நாளடைவில் உடம்பே கரைத்துக்கொள்ளும் பொருள் என்று இன்றைய நல்ல இணைப்பு ஒன்றில் நாம் எதிர்பார்க்கும் சில குணங்கள் அந்த எறும்பின் தாடையில் இருந்தன.

நவீன வரலாறு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1812ல் லண்டனின் பெஞ்சமின் ட்ராவர்ஸ், குடல் சேர வேண்டுமானால் விளிம்புகள் சுற்றிலும் இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று காட்டினார். 1826ல் பாரிஸின் அந்துவான் லாம்பேர் அதற்கு ஒரு தையலைக் கொடுத்தார். ஊசி குடலின் உள் துளைக்குள் போகாமல், வெளி உறையையும் தசையையும் மட்டும் எடுத்து, விளிம்பை உள்ளே மடித்துவிடும். வெளி உறையும் வெளி உறையும் முத்தமிட்டபடி நிற்கும். அந்த உறை சில மணி நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. பாக்டீரியா நிறைந்த உள்ளடக்கம் வெளியே வர வழியில்லை. கிருமிநாசினியும் ஆன்டிபயாடிக்கும் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1880களில் செர்னி என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், உள்ளே முழுச் சுவரையும் பிடிக்கும் ஒரு வரிசை, அதன் மேல் லாம்பேர் பாணியில் இன்னொரு வரிசை என்று இரண்டு அடுக்காகத் தைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். சட்டை மூட்டு இரண்டு தையல் போட்டால் உறுதி என்பது போல, அது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கேள்வி கேட்கப்படாமல் நின்றது. உள் வரிசை ரத்தத்தை நிறுத்தும், வெளி வரிசை கசிவைத் தடுக்கும் என்பது வாதம்.

வீக்கத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த முறையின் விலை புரியும். இரண்டு வரிசை போட வேண்டுமானால் விளிம்பை அதிகமாக உள்ளே மடிக்க வேண்டும். உள்ளே ஒரு வளையம் போலத் திசு துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வளையத்துக்கு ரத்தம் வர வேண்டிய வழியில் இரண்டு வரிசைத் தையல்கள் குறுக்கே நிற்கின்றன. சிரை ரத்தம் திரும்பிப் போவதற்கும் அதே தடை. எனவே அந்த மடிந்த வளையம்தான் முதலில் வீங்கும், அதிகமாகவும் வீங்கும். வீங்குவதற்கு வெளியே இடமில்லை, தையல் கட்டுப்போட்டிருக்கிறது. எனவே உள்துளைப் பக்கம்தான் வீங்கும்.

சிறுகுடலின் உள் விட்டம் ஏறக்குறைய 2.5 முதல் 3 செ.மீ. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை செ.மீ. தடித்தால் மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய திரவம் குழாயில் ஓடும்போது, விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளி இயற்பியல். குடல் நேரான கண்ணாடிக் குழாய் அல்ல, அது தானே சுருங்கித் தள்ளுகிறது. இருந்தாலும் நான்காம் ஐந்தாம் நாளில் வயிறு உப்பி, வாந்தி வந்து, மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் ட்யூப் மறுபடி போட வேண்டி வருவது ஏன் என்பதை இந்தக் கணக்கு ஓரளவு சொல்லிவிடும். பிறந்த குழந்தைகளின் குடலில் இது இன்னும் கொடூரமானது. சில மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இரண்டு அடுக்கு என்பது வழியையே அடைத்துவிடும். குழந்தைகள் அறுவை மருத்துவர்கள் ஒரே அடுக்கில் மெல்லிய நூலால் தைப்பது இதனால்தான்.

ஒரே அடுக்கு போதுமா?

போதும் என்று சொன்னவர்கள் முன்பிருந்தே இருந்தார்கள். ஹால்ஸ்டெட்டே ஒரு அடுக்கை ஆதரித்தார். 1951ல் காம்பீ என்ற அறுவை மருத்துவர், ஒரே அடுக்கில் எல்லாப் படலங்களையும் நேருக்கு நேர் வைக்கும் ஒரு தையலை விவரித்தார். ஆனால் பழக்கத்தை மாற்றுவது லேசல்ல. நோயாளியின் உயிர் போகும் விஷயத்தில் "ஒரு வரிசை குறைத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்து 2000ல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். பர்ச் என்பவரும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் செய்தது. 65 பேருக்கு ஒரே அடுக்கில் தொடர் தையல், 67 பேருக்கு இரண்டு அடுக்கு. லீக் முதல் குழுவில் 2 பேருக்கு, இரண்டாவதில் ஒருவருக்கு. அந்த வித்தியாசத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் ஒரு அடுக்குக்கு ஆன நேரம் சராசரியாக 20.8 நிமிடம், இரண்டு அடுக்குக்கு 30.7 நிமிடம். நூல் செலவு ஒன்றில் 4.61 டாலர், மற்றதில் 35.38 டாலர். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்கள் சின்னவை அல்ல. இவ்வளவு சிறிய ஆய்வு ஒரு அடுக்கு சிறந்தது என்று நிரூபிக்காது. கூடுதல் வரிசையால் பெரிய பாதுகாப்பு எதுவும் வந்துவிடவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல சான்று, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்வதே நேர்மை.

இதற்கு நடுவில் ஒரு கிளைக் கதை. உள்ளே மடிப்பதால்தானே துளை சுருங்குகிறது, அப்படியானால் விளிம்பை வெளியே விட்டுத் தைத்தால் என்ன என்று 1960களில் சிலர் கேட்டார்கள். விலங்குகளில் செய்து பார்த்தபோது துளை அகலமாக இருந்தது. யோசனை கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் 1970ல் இங்கிலாந்தின் கோலிகர் குழு பெருங்குடல் நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, வெளியே விட்ட இணைப்புகளில் கசிவு அதிகமாக இருந்தது. வெளியே துருத்தி நிற்கும் சளிப்படலம் ஒட்டாது, மலத்தின் கிருமிகள் அதன் வழியே வயிற்றறைக்குள் வர முடியும். வீக்கத்துக்கு இடம் விடுவது முக்கியம்தான், ஆனால் அது மட்டுமே போதாது என்பதற்கு இந்தச் சம்பவத்தை நான் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

தனித்தனி முடிச்சா தொடர் தையலா என்பது இன்னொரு தகராறு. தனித்தனி முடிச்சுகளில் ஒவ்வொன்றுக்கும் நடுவே ரத்தம் ஓட வழி உண்டு. ஆனால் ஏதாவது ஒரு முடிச்சை இறுக்கிவிட்டால் அந்த ஒன்றுக்குத் தப்பிக்க வழி கிடையாது. தொடர் தையலில் வழவழப்பான ஒற்றை இழை நூல் போட்டால், ஓரிடத்தில் வீங்கும்போது நூல் கொஞ்சம் நழுவி, அழுத்தத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். அதேசமயம் உதவியாளர் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் சுருக்குப்பை போல வாயே சுருங்கிவிடும். எந்த முறையை எடுத்தாலும் கடைசியில் அது ஒரு கையின் இழுவிசையில் வந்து நிற்கிறது. நூலின் பொருளும் கொஞ்சம் பங்களிக்கும். பட்டு நூல் திசுவில் அழற்சியை அதிகமாகத் தூண்டும். இப்போது வரும் கரையும் செயற்கை நூல்கள் அந்த வகையில் சாதுவானவை.

பட்டனும் ஸ்டேப்ளரும்

நூலே வேண்டாம், அழுத்தியே ஒட்டவைத்துவிடலாம் என்ற எண்ணமும் பழையதுதான். லாம்பேர் தையல் வந்த அதே 1826ல் மார்செய் நகரத்து தெனான் உலோக வளையங்களை நாய்களில் முயன்றார். 1892ல் சிகாகோவின் ஜான் மர்ஃபி ஒரு பட்டனைக் கொண்டுவந்தார். காளான் குடை மாதிரி இரண்டு பாதிகள். ஒவ்வொரு முனையிலும் ஒன்றை வைத்துச் சுருக்கி, இரண்டையும் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிய திசு மெல்லச் செத்து உதிரும், அதற்குள் அதைச் சுற்றி வெளிப்புறம் ஒட்டியிருக்கும், பட்டன் சில நாள் கழித்து மலத்தோடு வெளியே வந்துவிடும். இதே கொள்கையில் 1985ல் தானே உடைந்து கரையும் வளையம் ஒன்று வந்தது. இப்போது காந்தங்களை வைத்தும் செய்கிறார்கள். ஒட்டிய இடத்தில் அந்நியப் பொருள் எதுவும் மிச்சமிருக்காது என்பது இவற்றின் அழகு. ஆனால் பட்டன் இருக்கும் நாட்களில் வழி என்பது பட்டனின் நடு ஓட்டை மட்டும்தான்.

ஸ்டேப்ளரின் கதை புடாபெஸ்டில் தொடங்குகிறது. 1908ல் ஹ்யூல்ட்ல் என்ற ஹங்கேரிய அறுவை மருத்துவர் பயன்படுத்திய கருவி மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பொருத்தித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் அதில் இருந்த ஒரு யோசனை இன்றுவரை மாறவில்லை. பின்கள் மூடும்போது சப்பையாக மடியாமல், ஆங்கில எழுத்து 'பி' வடிவத்தில் மடியும். அந்த வளைவுகளுக்குள் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்காமல் பிழைக்கும். வரிசைகள் ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி இருப்பதால் கசிவுக்கு நேர்வழி கிடைக்காது. பிறகு சோவியத் ஒன்றியத்தில் இந்தக் கருவிகள் பெரிய அளவில் வளர்ந்தன. 1958ல் கீவ் சென்ற அமெரிக்கர் மார்க் ராவிட்ச் அவற்றைப் பார்த்து வியந்து ஒன்றைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவிய நவீன ஸ்டேப்ளர்கள் பிறந்தன. வட்டமான ஸ்டேப்ளர் வந்த பிறகு, கை நுழைந்து தைக்க முடியாத இடுப்புக் குழியின் அடியிலும் மலக்குடலை இணைக்க முடிந்தது. எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலம் சேரும் பை வைத்துக்கொள்ளாமல் தப்பித்தது இதனால்தான். அந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவியை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் ஸ்டேப்ளருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பின் மூடிய பிறகு அதன் உயரம் மாறாது. பின்கள் அடுக்கிவரும் கார்ட்ரிட்ஜின் நிறம்தான் அந்த உயரத்தைச் சொல்லும்: வெள்ளை என்றால் ஏறத்தாழ 1 மி.மீ., நீலம் 1.5, பச்சை 2 மி.மீ. சுவரின் தடிமனைப் பார்த்து எதைப் போடுவது என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மெல்லிய குடலில் உயரமான பின் போட்டால் தளர்ந்து ரத்தம் கசியும். தடித்த குடலில் குட்டையான பின் போட்டால் நசுங்கிச் சாகும். ஸ்டேப்ளரைக் கவ்வியதும் சுடாமல் (பின்களை இறக்குவதைத்தான் சுடுவது என்பார்கள்) பதினைந்து விநாடி போல அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது திசுவில் உள்ள நீர் பக்கவாட்டில் ஒதுங்கிச் சுவர் மெலிவதற்காகத்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சுடும்போது இருந்த வீக்கமும் மறுநாள் இருக்கும் வீக்கமும் ஒன்றல்ல. கையால் தைப்பவர் விரலில் சுவர் தடித்திருப்பதை உணர்ந்து, பிடியைக் கொஞ்சம் அகலமாக எடுத்து, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திப் போடுவார். பின்னுக்கு அந்த விரல் உணர்வு கிடையாது. விபத்தில் ரத்தம் இழந்து லிட்டர் கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்றப்பட்டவர்களின் குடல் அடுத்த இரண்டு நாளில் பஞ்சுபோல உப்பிவிடும். இப்படிப்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2001ல் வந்தது. ஸ்டேப்ளர் இணைப்புகளில் லீக் அதிகம் என்றது, வீக்கத்தைத்தான் ஒரு காரணமாகச் சந்தேகித்தது. ஆனால் அடுத்த வருடமே, பெருங்குடலில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்ட 207 பேரை வைத்துச் செய்த இன்னொரு பல மருத்துவமனை ஆய்வு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றது.

திட்டமிட்ட ஆபரேஷன்களிலும் இதே இழுபறிதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பெருங்குடலோடு சேர்க்கும் இணைப்பில் ஏழு ஆய்வுகள், 1125 நோயாளிகள் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, ஸ்டேப்ளரில் லீக் 2.5 சதவீதம், கைத்தையலில் 6 சதவீதத்தை ஒட்டி. தீர்ப்பு வந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். பிறகு 2017ல் ஐரோப்பியப் பெருங்குடல் மருத்துவர் சங்கத்தின் கணக்கெடுப்பு வெளியானது. 39 நாடுகள், 284 மருத்துவமனைகள், 3208 பேர். மொத்தத்தில் லீக் 8.1 சதவீதம். ஸ்டேப்ளரில் 8.5, கைத்தையலில் 7.4. நோயாளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோதும் ஸ்டேப்ளர் பக்கம்தான் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது.

எதை நம்புவது? முதலாவது, தேர்ந்தெடுத்த நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு. இரண்டாவது, நிஜ உலகில் யார் யாருக்கு எது நடந்தது என்ற பதிவு. அதில் எந்த மருத்துவர் யாருக்கு எதைத் தேர்ந்தார் என்பது கலந்திருக்கும். என் கணிப்பு, மெலிந்த, வீங்காத, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள குடலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமும் ஒரே சீரான தன்மையும் ஸ்டேப்ளருக்குச் சாதகம். குடல் ஏற்கெனவே வீங்கியிருந்தால், அல்லது வீங்கப்போகிறது என்று தெரிந்தால், நன்றாகத் தைக்கத் தெரிந்த கையை நான் நம்புவேன். அதனால்தான் ஸ்டேப்ளர் தாராளமாகக் கிடைக்கும் இடங்களிலும் பயிற்சி மருத்துவர்கள் கையால் தைக்கக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான பிடிப்பு உண்டு.

ட்ரிப்ஸ் பாட்டிலும் ஒரு கருவிதான்

இணைப்பு வீங்குவதற்கு அதைப் போட்டவர் மட்டும் பொறுப்பல்ல. மேசையின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவரும், வார்டில் தொங்கும் பாட்டிலும் இதில் பங்காளிகள். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நாள் முழுக்க 5 கிராமுக்குக் கீழே உப்பு சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபரேஷன் முடிந்த உடம்பு உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது தினமும் மூன்று நான்கு பாட்டில் ஏற்றினால் அது எங்கே போகும்? திசுக்களுக்குள்தான்.

2002ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் திலீப் லோபோ குழு, பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 20 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல் தினமும் 3 லிட்டருக்குக் குறையாமல் திரவம். மற்றதற்கு 2 லிட்டருக்கு மிகாமல், உப்பும் பாதி. முதல் குழுவினர் 3 கிலோ வரை எடை கூடினார்கள். அது முழுக்க நீர். அவர்களுக்குத் திட உணவு வயிற்றைவிட்டு இறங்க இரு மடங்குக்கும் மேல் நேரம் பிடித்தது, காற்றுப் பிரிவது ஒரு நாள் தள்ளிப்போனது, மலம் கழிப்பது இரண்டரை நாள் தள்ளிப்போனது. வார்டில் தினமும் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பதில், பாதி பாட்டிலில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

2009ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் எலிகளில் செய்த ஆய்வு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. ஒரே மாதிரித் தைத்த இணைப்புகள்தான். அளவுக்கு மீறித் திரவம் ஏற்றிய எலிகளில் இணைப்பு குறைந்த அழுத்தத்திலேயே வெடித்தது. வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது அடிப்படலத்தில் நீர் கோத்திருந்தது. தையலைத் தாங்க வேண்டிய அதே படலம்.

அப்படியானால் பாட்டிலைக் கழற்றிவிட்டால் சரியா? அதுவும் இல்லை. 2018ல் வெளியான ரிலீஃப் ஆய்வில் பெரிய வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 3000 பேர் சேர்க்கப்பட்டார்கள். திரவத்தை ரொம்பக் கட்டுப்படுத்திய குழுவில் சிறுநீரகப் பாதிப்பு 8.6 சதவீதம், தாராளமாகக் கொடுத்த குழுவில் 5 சதவீதம். குடலை வறள விட்டால் இணைப்புக்கு ரத்தம் போதாது. ஊறவைத்தால் வீங்கும். நடுவில் ஒரு குறுகிய பாதைதான் இருக்கிறது.

கையாளும் விதமும் உண்டு. பிட்ஸ்பர்க்கில் 1990களின் கடைசியில் எலிகளில் காட்டினார்கள்: குடலை வெட்டவே வேண்டாம், வெளியே எடுத்து விரலால் உருட்டினாலே அதன் தசை அடுக்கில் அழற்சி அணுக்கள் வந்து குவிந்து, குடல் அசைவு நின்றுபோகிறது. அனுபவசாலிகள் குடலை ஈரத் துணியில் பொதிந்து, தேவைக்கு மேல் தொடாமல், கிளாம்ப்பை மெதுவாகப் போடுவது வெறும் நாகரிகத்துக்காக அல்ல. அப்புறம் நோயாளியின் உடம்பு. பல மாதம் சாப்பிட முடியாமல் மெலிந்து, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்து வருபவருக்கு, நீரைக் குழாய்களுக்குள் பிடித்துவைக்கும் சக்தியே குறைவு. அவருக்கு ஒரு பாட்டில் ஏற்றினாலும் கால் வீங்கும், குடலும் வீங்கும்.

இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்

வயிறு முழுக்க மலமும் சீழும் பரவி, குடல் ஏற்கெனவே தோல் பெல்ட் போலத் தடித்துக் கிடக்கும்போது எந்த முறையும் உதவாது. அப்போது முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டிவிடுவார்கள். விபத்து கேஸ்களில் சில சமயம் முனைகளைக் கட்டி மூடிவிட்டு, ஐசியூவில் உடம்பைத் தேற்றி, ஓரிரு நாள் கழித்து மறுபடி உள்ளே போய்ச் சேர்ப்பார்கள். "ஆபரேஷனை முழுசா முடிக்காம வந்துட்டாங்களே" என்று குடும்பத்தார் கலங்குவதை எளிதாகப் புரிந்துகொள்ள முடிகிறது. பை என்ற சொல்லைக் கேட்டதும் வரும் அழுகையும் அப்படித்தான். ஆனால் வீங்கிய குடலில் போட்ட இணைப்பு பிரிந்தால் ஏற்படும் விளைவோடு ஒப்பிட்டால், பல பேருக்கு அந்தப் பை சில மாத விருந்தாளிதான்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் நடப்பது இதுதான். வீக்கம் முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய் வடியத் தொடங்கும். நாடித் துடிப்பு தொண்ணூறுக்குக் கீழே நிற்கும், வயிறு தளர்ந்து மிருதுவாகும். மூன்றாம் நான்காம் நாளில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு இறங்கிக்கொண்டிருந்தால் மருத்துவர் முகத்திலும் கொஞ்சம் தளர்வு தெரியும். இப்போதெல்லாம் பல இடங்களில் காற்றுப் பிரியும் வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் கொடுத்து, நடக்க வைத்து, ட்ரிப்ஸை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கழற்றிவிடுகிறார்கள். வாய்வழி போகும் நீரில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைக் குடலே முடிவு செய்யட்டும் என்ற யோசனை அது.

சில மாதம் கழித்துப் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் இணைப்பு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கோடு மட்டும் தெரியும். கரையும் நூல் கரைந்து போயிருக்கும். டைட்டானியம் பின்கள் அப்படியே இருக்கும். பல வருடம் கழித்து முதுகுவலிக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் அவை சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு வளையம் போலத் தெரிந்து, "இது என்ன டாக்டர்?" என்று அந்த நபரையே கேட்க வைக்கும்.